துள்ளலும் காவலும்

மீன் துள்ளாத வயலும், வாளை பாயாத வாவியும் தமிழ்ப் பாட்டிலே காண்பதரிது. கம்பர் கோசல நாட்டைப் பாடும்போதும், சேக்கிழார் சோழநாட்டுச் சிறப்பை விரிக்கும்போதும், பின்வந்த பள்ளு நூலார் உழவர் வாழ்வைச் சித்திரிக்கும்போதும் மீனின் துள்ளலை மறந்தாரல்லர். நீர் குறைவற்றது, மீன் கொழுத்தது, நாடு செழித்தது. இம்மூன்றையும் ஒரு துள்ளலிலே சொல்லிவிடலாம் என்பது அவர் கண்ட உத்தி.

அத்துள்ளலைக் குறிக்க நம் மொழியிலுள்ள சொற்களும் ஒன்றல்ல. பிறழ்தல் என்பது மீன் உடலைப் புரட்டி மின்னுவது. உகளல் என்பது களித்துக் குதிப்பது. பாய்தல் என்பது ஓரிடத்தை நோக்கி விரைவது. துள்ளல் என்பது நின்ற இடத்திலிருந்து மேலெழுவது. யாப்பிலக்கணம் வகுத்தோர் கலிப்பாவின் ஓசைக்கும் துள்ளல் என்றே பெயரிட்டனர். இத்துணைச் சிறப்பும் அழகும் கற்பிக்கப்பட்ட ஒரு செயல் மரணத்தோடு தொடர்புடையதென்று நான் நெடுங்காலம் எண்ணியதில்லை. எண்ணும்படி நேர்ந்தது ஒரு மாணவனால்.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிலே மருதநிலப் பாடல்களை விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பாட்டிலை மீன் துள்ளினால் நாடு செழிப்பு எண்டு சொல்லுறியள். என்ரை மீன் துள்ளி நிலத்திலை விழுந்து செத்துப்போச்சு. அதுக்கென்ன பொருள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. கடல்கடந்து வாழும் தமையன் அனுப்பிய பணத்திலே அவன் ஒரு கண்ணாடித் தொட்டி அமைத்து, உப்புநீர் நிரப்பி, கொழும்பிலிருந்து தருவித்த முருகைக்கற்பாறை மீன்கள் நான்கை வளர்த்து வந்தான் என்பதும், அவற்றுள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி வெளியே விழுந்து மடிந்தன என்பதும் பின்னர் வினவியபோது தெரியவந்தன.

அவன் கேள்வி இலக்கியத்துக்குப் புறம்பானதன்று என்றே எனக்குப் பட்டது. ஆதலால் உயிரியல் கற்பிக்கும் நண்பர்களையும் மீன்வளர்ப்பிலே பழகியவர்களையும் கேட்டறிந்தேன். கிடைத்த நூல்களையும் புரட்டினேன். இன்று நம் குடாநாட்டிலும் இத்தகைய தொட்டிகள் வீடுகளிலே காணப்படுவதால், அறிந்தவற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படுமாறு இங்கே தருகின்றேன்.

துள்ளும் மீனும் சூழும் நீரும்

புலவர் பாடிய வாளை நன்னீர் மீன். ஆறும் குளமும் வாய்க்காலும் அதன் உறைவிடம். நம் கடற்கரையிலே சாவாளை என்று விற்கப்படும் நாடா போன்ற மீன் வேறு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் துள்ளலைக் காண விரும்புவோர் வயலுக்கன்று, கடல்நீரேரிக்கே செல்லவேண்டும். அங்கே மாலைப்பொழுதில் மடவை மீன்கள் நீரைக் கிழித்தெழுந்து, வெள்ளிபோல் மின்னி, மீண்டும் நீரிலே விழுவதைக் காணலாம். வலை வளைந்து நெருங்குவதை உணர்ந்தால் மடவை அதன் மேலாகவே தாவிக் கடந்துவிடும். மத்தியதரைக் கடற்கரை மீனவர் இக்குணத்தை அறிந்து, வளைத்த வலைக்குப் புறத்தே நீரின்மேற் கிடையாக மற்றொரு வலையை விரித்து, தாவிய மீனை அதிலே ஏந்தினர். தாவி உயிர்தப்ப முயலும் மீனை அத்தாவலாலேயே பிடிக்கும் சூழ்ச்சி அது.

நீரைவிட்டு வெளியேறியும் பிழைக்கும் மீன்களும் சில உண்டு. தரங்கம்பாடியிலிருந்த டால்டோர்ப் என்னும் டேனியப் படையதிகாரி, குளத்தருகே நின்ற ஒரு பனையின் அடிமரத்தில், நீர்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். அக்குறிப்பு 1797-இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டிலே வந்தது. பனையேறிக் கெண்டை என்று நாம் வழங்கும் மீன் அது. அது பனையேறுவதை ஐயுறுவோர் பலர். தரையிலே நெடுநேரம் உயிர்வாழும் என்பதை ஐயுறுவாரில்லை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிப்பதற்கென ஒரு தனியுறுப்பு அதற்கு அமைந்திருக்கின்றது. முருகைக்கற்பாறை மீன்களுக்கு அவ்வுறுப்பில்லை. நீரிலே விரிந்து மிதக்கும் அவற்றின் செவுளிழைகள் காற்றிலே ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்குகின்றன. காற்றிலே ஒட்சிசன் மிகுதியாயிருந்தும் அதனைப் பெறும் வழியின்றி அவை மூச்சடைத்து இறக்கின்றன.

மாணவன் வினாவுக்கு விடை இவ்விடத்திலே தொடங்குகின்றது. புலவர் பாடியது மீன் மேலெழுந்ததை; பாடாது விட்டது அது திரும்பி விழுந்த நீரை. அதனைத் தனியே பாடவேண்டிய தேவை அவர்க்கிருக்கவில்லை. ஏனெனில் சுற்றிலும் நீரே இருந்தது. கடலிலும் குளத்திலும் துள்ளிய மீன் வேறெங்கே விழும்? இரண்டடி அகலத் தொட்டியிலோ துள்ளிய மீனின் நாற்புறமும் தரை. மீன் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த உலகந்தான் மாறிவிட்டது.

கண்ணாடிக்குள் ஒரு கடல்

கடலைக் கண்ணாடிக்குள் அடக்கும் முயற்சி மிகப் பழையதன்று. இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலே 1853-இல் மீன்சாலை திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையிலே எட்கார் தேர்ஸ்டனின் முயற்சியால் 1909-இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை அமைந்து, இரண்டாம் உலகப்போர்க் காலம்வரை மக்களை ஈர்த்தது. உயிருள்ள முருகையையும் மீனையும் வீட்டுத் தொட்டியிலே ஒருங்கே வாழவைக்கும் முறையை 1961-இல் எழுதி உலகறியச் செய்தவர் இந்தோனேசியாவிலே வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலிலிருந்து எடுத்த பாறைத்துண்டிலே வாழும் நுண்ணுயிர்களே நீரின் கழிவைத் தூய்மையாக்கும் என்பது அவர் கைக்கொண்ட வழி.

நம் இலங்கையின் பங்கும் சிறிதன்று. மன்ரோ என்பவர் இலங்கையின் கடல்மீன்களையும் நன்னீர் மீன்களையும் தொகுத்தெழுதிய பெருநூல் 1955-இல் வெளியாயிற்று. ஆதர் சி. கிளார்க் 1957-இல் வெளியிட்ட நூலொன்றிலே இலங்கைக் கடலடி முருகைப்பார்களும், அங்கே மூழ்கித் திரிந்த ரொட்னி ஜொங்க்ளாசும் இடம்பெறுகின்றனர். அலங்கார மீன் பிடித்தலிலே முன்னோடியாக விளங்கியவர் ஜொங்க்ளாஸ். இன்றும் நம் கடல்களிலே மூழ்குவோர் பிடிக்கும் வண்ணமீன்கள், ஒட்சிசன் ஊட்டிய பிளாஸ்ரிக் பைகளிலே அடைபட்டு விமானத்திலே வெளிநாடு செல்கின்றன. அவ்வளவு தூரம் பயணம் பிழைத்த மீன், சேர்ந்த வீட்டிலே முதலிரவில் தரையில் விழுந்து காய்ந்துபோவது எத்துணை வீண்!

ஏன் துள்ளுகின்றன?

எல்லா மீனும் ஒரே அளவிற் துள்ளுவதில்லை. கிளிமீன் வகையைச் சார்ந்த சிறுமீன்கள், பயர்பிஷ் என்று வணிகர் அழைக்கும் செந்நிற வால்கொண்ட மெல்லிய மீன், இறாலோடு கூடிவாழும் உழுவை வகைகள் ஆகியன துள்ளலிலே முன்னிற்பன. அஞ்சாலை துள்ளுவதைவிட ஊர்ந்து வெளியேறுவதிலே வல்லது. பாரமற்ற மூடியைத் தலையால் முட்டி நீக்கிவிடும்.

காரணங்களுள் முதன்மையானது அச்சம். பயர்பிஷ் கடலிலே தன் வளைக்கு மேலே சிறிது உயர்ந்து நின்று, நீரோட்டத்திலே வரும் நுண்ணுயிர்களைத் தின்னும். அபாயம் நேர்ந்தால் நொடியிலே வளைக்குட் புகும். புதிய தொட்டியிலே வளை எங்கே என்று அதற்குத் தெரியாது. கீழே போக வழியறியாதது மேலே போகின்றது. இரண்டாவது காரணம் பகை. முன்பே குடிகொண்ட மீன் புதிதாய் வந்ததைத் துரத்தும். கடலிலே துரத்தப்பட்டது நூறடி ஓடித் தப்பும், தொட்டியிலே இரண்டடிக்குள் சுவர். மூன்றாவது இருளும் ஒளியும் சடுதியாக மாறுதல். நான்காவது நீரின் கேடு. அமோனியா மிகுந்தாலோ ஒட்சிசன் குறைந்தாலோ நீரைவிட்டே ஓட முயலும்.

நீர்மட்டத்தைச் சில அங்குலம் தாழ்த்தினாற் போதும் என்று எண்ணுவோர்க்கு ஒரு சிறு கணக்கு. நொடிக்கு 3 மீற்றர் வேகத்தோடு செங்குத்தாக நீரைவிட்டெழும் மீன், புவியீர்ப்பை எதிர்த்து ஏறத்தாழ 45 சதமமீற்றர் உயரும். வேகம் பாதியானால் உயரம் காற்பங்காகி 11 சதமமீற்றராகும். தொட்டியின் விளிம்பைத் தாண்ட அதுவே போதும். விரலளவு மீன் என்று அலட்சியம் செய்தற்கில்லை.

காக்கும் வலை

ஆதலால் முதற்காப்பு மூடியே. எந்த மூடி என்பதிலே சிந்திக்க வேண்டியதுண்டு. முழுக் கண்ணாடியால் மூடினால் மீன் வெளியேறாது. ஆனால் நீருக்கும் காற்றுக்கும் இடையே நிகழவேண்டிய பரிமாற்றம் குன்றும், வெப்பமும் உள்ளே தேங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலிலே அறையின் வெப்பநிலை 30 பாகையைக் கடப்பது இயல்பு. முருகை வளரும் தொட்டிக்கு உகந்ததோ 25 முதல் 27 பாகை. கடல் அளவுமீறிச் சுட்டால் முருகைகள் வெளிறி மாளும் என்பதை 1998-ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரம் முழுவதும் கண்டது. பெருங்கடலே தாங்காததைச் சிறுதொட்டி எவ்வாறு தாங்கும்?

எனவே அனுபவமுடையோர் பரிந்துரைப்பது வலைமூடி. யன்னலுக்கு நுளம்புவலை அடிக்கும் அலுமினியச் சட்டத்தைத் தொட்டியின் அளவுக்கு வெட்டிப் பொருத்தி, அதிலே நிறமற்ற நைலோன் வலையை இறுக இழுத்துப் பூட்டலாம். கண்ணின் அளவு 6 மில்லிமீற்றர் பொதுவாகப் போதும். மிகச்சிறிய உழுவைகளுக்கு 3 மில்லிமீற்றர் வேண்டும். நுளம்புவலையையே இடுவதும் உண்டு. ஆனால் அது ஒளியை மறைக்கும், முருகைக்கு ஒளி உணவு. வலை தளர்ந்திருந்தால் மீன் அதிலே சிக்கும். இறுகியிருந்தால் மோதித் திரும்பி நீரிலே விழும். செப்புக் கம்பிவலை ஒருபோதும் ஆகாது. உப்பிலே அரிபட்டு நீரிற் கலக்கும் செப்பு, இறாலுக்கும் முருகைக்கும் நஞ்சு.

வலை போட்டபின் இடைவெளிகளைத் தேடவேண்டும். மின்கம்பி நுழையும் மூலை, குழாய் வளையும் விளிம்பு, நீர் வழிந்தோடும் பெட்டியின் வாய் ஆகிய இடங்களே மீன் தப்பும் வாயில்கள். விரலொன்று நுழையுமாயின் பல சிறுமீன்களும் நுழையும். மாணவன் தொட்டியையும் நேரிற் சென்று பார்த்தேன். முதல் மீன் போனபின் அவன் ஒரு கண்ணாடித் துண்டால் தொட்டியின் பெரும்பகுதியை மூடியிருந்தான். குழாய்க்கென விட்ட மூலை நான்கு விரலளவு திறந்திருந்தது. எஞ்சிய இரண்டும் அம்மூலையாலேயே வெளியேறியிருந்தன. சுவரோரமாக மேலேறும் மீன் மூலையிலேதான் முடியும் என்பதை அவனே அளந்து காட்டினான். உணவிடுவதற்கு ஒரு சிறு கதவு அமைத்தால் நாள்தோறும் மூடியைக் கழற்றவேண்டியதில்லை. மீன் வந்த முதற்கணத்திலிருந்தே மூடி இருக்கவேண்டும். தனிமைப்படுத்தி வைக்கும் வாளிக்கும் அது வேண்டும்.

வலைமூடியால் நீர் மிகுதியாக ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை; ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும், கடல்நீரையன்று. ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது கடலின் அளவு. நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லிலே ஊறியது. தோட்டங்களிலிட்ட பசளையால் நைத்திரேற்றும் பல இடங்களிற் கலந்திருக்கின்றது. அதனை ஊற்றினால் பாசி பெருகி முருகையை மூடும். வடித்த நீர் அல்லது நன்றாகச் சுத்திகரித்த நீரே தக்கது.

ஒளியும் உறைவிடமும்

மூடி துள்ளலைத் தடுக்கும். துள்ளவைக்கும் அச்சத்தைத் தணிக்காது. வலையிலே ஓயாது மோதும் மீன் காயமுற்று நோயாகும். ஆகவே இரண்டாவது காப்பு, துள்ளவேண்டிய தேவையைக் குறைப்பது.

கடலிலே பொழுது மெல்லச் சாயும். வீட்டிலே விசையைத் தட்டியதும் நள்ளிரவு. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பதும், அறைவிளக்கைச் சிறிதுநேரம் எரியவிடுவதும், இரவிலே மங்கலான நீலஒளி வைப்பதும் நல்லன. இருளிலே திடீரெனக் கைவிளக்கு அடித்தலாகாது. இரவிலே படகின் விளக்கை நோக்கி முரல் மீன் அம்புபோற் பாய்வதை நம் கடற்றொழிலாளர் நன்கறிவர். 2022-இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட காலத்தை நாம் மறக்கவில்லை. மின்வெட்டு நேர்ந்தால் ஒளியோடு பம்பியும் நிற்கும், ஒட்சிசன் குறையும். பற்றரியில் இயங்கும் ஒரு சிறு காற்றுப்பம்பி அவ்வேளையில் உயிர்காக்கும்.

கிளிமீன் வகைகளுட் பல இரவிலே மணலுட் புதைந்து உறங்குவன. அவற்றுக்கு 5 சதமமீற்றர் ஆழமாவது மென்மணல் வேண்டும். பயர்பிஷுக்குப் பாறையிடையே ஒடுங்கிய வளை வேண்டும். உழுவைக்கு வேண்டியது துணை. கண்பார்வை குன்றிய ஒருவகை இறால் மணலைத் தோண்டி வளை அமைக்கும்; உழுவை அதன் வாயிலிலே காவல் நிற்கும்; இறால் தன் உணர்கொம்பை மீனின் உடலிலே வைத்தபடியே வெளியே வரும்; பகை கண்டு மீன் வாலை அசைத்தால் இருவரும் உள்ளே மறைவர். வீடு கட்டுவார் ஒருவர், காவல் செய்வார் ஒருவர். இத்தோழமையைப் பிரித்து, உழுவையை மட்டும் வெறுந்தொட்டியிலே விடுவோமாயின், அது ஒளிய இடமின்றி மேலே பாய்வதிலே வியப்பில்லை. சாதுவான மீனை முதலிலும் முரட்டு மீனை இறுதியிலும் விடுவது, புதியதைச் சிலநாள் துளையிட்ட பெட்டிக்குள் வைத்துப் பழக்குவது ஆகியன சண்டையைத் தணிக்கும்.

இவ்வளவும் செய்தும் மீன் விழுந்திருக்கக் கண்டால் இறந்ததென்று உடனே எறிந்துவிடவேண்டாம். தோல் காய்ந்ததுபோற் தோன்றினும் செவுள் ஈரமாயிருந்தால் உயிர் இருக்கலாம். கையை நனைத்துக்கொண்டு மெல்ல எடுத்து, அதே தொட்டிநீரிலே, நீரோட்டம் மென்மையான இடத்திலே விடவேண்டும். குழாய்நீரிற் கழுவுதல் தீங்கு. இறந்ததென எண்ணிய மீன் சிறிதுநேரத்திலே செவுளசைத்து நீந்தியதைக் கண்டவர் உளர்.

நம் கடலும் நம் கையும்

"எங்கடை கடலிலையே பிடிச்சால் என்ன, ஐயா?" என்று மாணவர் கேட்பதுண்டு. தீவகத்தைச் சூழ்ந்தும் வடகரையோரமும் முருகைப்பார்கள் இருக்கின்றன. அங்கே வண்ணமீன்களும் உள. ஆயினும் உயிருள்ள முருகையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது இலங்கையிற் சட்டவிரோதம். 1996-ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல்வளச் சட்டத்தின் கீழ், உயிர்மீன்களின் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஒழுங்குவிதிகள் 1998-இல் வகுக்கப்பட்டன. சில இனங்களின் ஏற்றுமதி முற்றாக விலக்கப்பட்டது. சட்டத்தினும் மேலாக ஒன்று சொல்வேன். பாரிலிருந்து ஒரு மீனை எடுப்பவன் அதன் வளையையும் துணையையும், துள்ளினால் ஏந்தும் நீரையும் சேர்த்தே பறிக்கின்றான். பறித்தவற்றை ஈடுசெய்ய இயலாதவன் எடுக்கலாகாது. வளர்ப்பதே விருப்பமாயின், தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கப்பட்ட கோமாளி மீன் போன்றவற்றோடு தொடங்கலாம். அவை துள்ளலிலும் அடக்கமானவை.

தமிழிலே சிறை என்னும் சொல்லுக்கு அடைத்துவைத்தல் என்பதும் பொருள். பறவையின் இறகு என்பதும் பொருள். நீரைத் தாங்கும் கரை என்பதும் பொருள். காத்தல் என்பதும் பொருள். ஒரே சொல் எவ்வாறு இத்துணைப் பொருளையும் தாங்குகின்றது என்று மாணவர் வியப்பர். மீன்தொட்டியைப் பார்த்தபின் எனக்கு வியப்பு நீங்கிற்று. கண்ணாடிச் சுவர் மட்டும் எழுப்பினால் அது அடைப்பு. உள்ளே வளையும் மணலும் துணையும், மேலே இறுக்கிய வலையும் அமைத்தால் அதே தொட்டி காப்பு. நான்கு பக்கமும் சுவர் எழுப்பும் உரிமையை எடுத்துக்கொண்டவனுக்கு ஐந்தாம் பக்கமாகிய மேற்புறத்தையும் காக்கும் கடமை உண்டு.

பள்ளிகளிலே மீன்தொட்டி வைக்க விரும்பும் ஆசிரிய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுவே: மீனை வாங்குமுன் மூடியைச் செய்யுங்கள். சட்டத்தை அளப்பதும் வலையை இழுத்துப் பூட்டுவதும் மாணவர் கைகளாலேயே நடக்கட்டும். மூடி இறுதியான பின்னர் ஒரு வாரம் தொட்டியைப் பார்த்து, எந்த மூலையிலே விரல் நுழைகின்றது என்று ஒவ்வொருவரும் தேடட்டும். அதன்பிறகு மீன் வரட்டும், அது துள்ளட்டும்.